வண்டி ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல செல்ஃப்ல இருந்து கையை எடுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை 6 மணி ஷிஃப்ட். பொன்னேரி பக்கம் ஒரு வீட்டு வாசலில் மணி 5.15. ராத்திரி முழுக்க பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு இளைஞர் செல்ஃபை அழுத்துகிறார். 'கிர்ர்... கிர்ர்...' இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். மறுபடி. பத்தாவது முறை அந்த 'கிர்ர்' கூட வரவில்லை, வெறும் 'டிக்' மட்டும்தான். இப்போது அவருக்கு ஒன்றல்ல, இரண்டு பிரச்னை. இன்ஜின் ஏன் பிடிக்கவில்லை என்பது ஒன்று. பேட்டரியும் காலி என்பது இன்னொன்று.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒரே ஒரு விஷயம்தான்: மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. பெரும்பாலான நாட்களில் இதில் போவது பேட்டரி மட்டும்தான். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் போவது இன்ஜினே.

செல்ஃப் பட்டன் ரிப்பேர் பண்ணாது

இன்ஜின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும்: காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் பற்றவைக்கும் தீப்பொறி. டீசல் இன்ஜினில் தீப்பொறிக்குப் பதில், அழுத்தப்பட்ட காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கும். இந்த மூன்றும் ஒன்றுசேரும் வரை இன்ஜினைச் சுற்றிவிடுவதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் ஸ்டார்ட்டர் மோட்டார். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் 'செல்ஃப் மோட்டார்'.

ஒருகாலத்தில் அது நிஜமாகவே மனிதக் கைதான். காரின் முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். இன்ஜின் திடீரென எதிர்ப்பக்கம் உதைத்தால் சுற்றுபவரின் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்த ஆபத்து மெல்ல மறைந்தது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் பொருட்களில் ஒன்று இந்த ஸ்டார்ட்டர் மோட்டார். திருவள்ளூரிலோ கார் தொழிற்சாலையே இருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது இங்கேதான், இப்போது சிட்ரோயன் கார்கள் உருவாவதும் இங்கேதான். இன்ஜினும் உதிரிபாகங்களும் நம் வீட்டுப் பக்கத்திலேயே தயாராகின்றன. ஆனால் அது நின்றுபோனால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்பது மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செல்ஃப் மோட்டார் செய்யும் வேலை இன்ஜினைச் சுற்றுவது மட்டுமே. பெட்ரோல் வரவில்லை என்றால் அது வரவைக்காது, பிளக் நனைந்திருந்தால் காயவைக்காது. ஒரு காரின் செல்ஃப் சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் கரண்ட் இழுக்கும். அதனால்தான் 5 நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக்கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் குறைந்தது 10 முதல் 15 நொடி இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள். மூன்று முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் நான்காவதில் பிடிக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

காது என்ன சொல்லுது?

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். 'ஒரு தடவை போடுங்க' என்று சொல்லிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். பாதி விடை அந்தச் சத்தத்திலேயே இருக்கும்.

சத்தமே வரலையா? பைக் என்றால் முதலில் கில் சுவிட்ச். பார்க்கிங்கில் யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்து சைடு ஸ்டாண்ட். இப்போது வரும் பல பைக்குகளில் ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது கியர் போட்டதும் நின்றுவிடும். கியரில் இருந்தால் கிளட்சைப் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பிரேக்கைப் பிடித்தபடி அழுத்த வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் லீவர் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் டேஷ்போர்டில் ஒரு லைட்கூட எரியவில்லை என்றால் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம், அல்லது ஃபியூஸ் போயிருக்கலாம்.

'டிக் டிக் டிக்' என்று வேகமாக வருதா? பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, செல்ஃபைச் சுற்றும் அளவுக்கு இல்லை என்று அர்த்தம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை அழுத்தினால் வெளிச்சம் சட்டென்று மங்கும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில சமயம் வேலை முடிந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது காட்டவில்லை என்றால் சார்ஜிங்கில்தான் கோளாறு. புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் நாலு நாளில் அதுவும் படுத்துவிடும்.

ஒரே ஒரு 'டக்' மட்டும் வருதா? செல்ஃப் மோட்டாரிலோ அதன் ரிலேயிலோ பிரச்னை இருக்கலாம். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் இதற்கு இன்னொரு பயங்கரமான அர்த்தமும் உண்டு. அதைக் கீழே பார்ப்போம்.

நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலையா? பேட்டரியும் செல்ஃபும் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொல்லை செய்ய வேண்டாம். பெட்ரோல் இருக்கிறதா என்று மீட்டரை மட்டும் நம்பாமல் டேங்க்கைத் திறந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வரும், ஃபியூயல் பம்ப் ஓடுகிறது என்று பொருள். வரவில்லை என்றால் பம்ப் அல்லது அதன் ஃபியூஸைச் சந்தேகப்படலாம். டேஷ்போர்டில் சாவி படம் மின்னிக்கொண்டிருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். மழைக்குப் பிறகு என்றால் பிளக் கேப்பில் ஈரம் இறங்கியிருக்கலாம். கழற்றித் துடைத்து மாட்டினால் போதும்.

அப்பாவோட டிரிக் ஏன் இப்ப வேலை செய்யல?

'சோக் போடு', 'வண்டியைச் சாய்ச்சு ரிசர்வ்ல வை', 'செகண்ட் கியர் போட்டுத் தள்ளு'. அப்பாக்களும் சித்தப்பாக்களும் சொல்லும் இந்த வைத்தியம் கார்பரேட்டர் காலத்துக்கானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்ததும் புதிய இருசக்கர வாகனங்கள் ஏறக்குறைய எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோலை அளந்து தெளிக்க ஒரு கம்ப்யூட்டர், அதைத் தள்ளிவிட ஒரு மின்சார பம்ப். இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்.

அதனால் பேட்டரி சுத்தமாக இறந்துபோன இன்ஜெக்‌ஷன் பைக்கைத் தெருமுனை வரை தள்ளினாலும் பலன் இருக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரை எந்தக் காலத்திலும் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் சுற்றினால்தான் அதன் கிளட்ச் பிடிக்கும், சக்கரம் சுற்றுவதால் இன்ஜின் சுற்றாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவதும் வீண், தெளிக்க வேண்டிய அளவை முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான். போதாததற்குப் பல மாடல்களில் கிக்கரே கிடையாது. வண்டிகள் புத்திசாலி ஆகியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பழைய அறிவு செல்லாக்காசாகிவிட்ட இடத்தில் புதிய அறிவை யாரும் வைக்கவில்லை.

காருக்கு பக்கத்து காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது இன்றும் செல்லும், வரிசை மாறக்கூடாது. சிவப்புக் கேபிள் முதலில் இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்புக் கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனை இறந்த பேட்டரியில் அல்ல, அந்த இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில். கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரிக்கு அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

தண்ணி புகுந்தா கதையே வேற

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. அதற்கு முன் 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறக்கப்பட்ட நீர் கொசஸ்தலை ஆற்றில் பெருகி மணலி புதுநகருக்குள் புகுந்தது. 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த மறுநாள் காலை தெருவெங்கும் கேட்பது அதே 'கிர்ர்'தான். ஓடுதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்புவார்கள். வெள்ளம் விட்டுவைத்த இன்ஜினை அந்தச் சாவி உடைத்துவிடும்.

ஏன்? பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. 110 சிசி ஸ்கூட்டரில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் தோராயமாக 12 மில்லி. இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவுதான். அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் பாதி வழியில் சுவரில் மோதியதுபோல் நிற்கும். பின்னாலிருந்து தள்ளும் விசைக்குப் போக இடமில்லை, கனெக்டிங் ராடு வளையும். வேகமாக ஓடும்போது நடந்தால் இன்ஜின் பிளாக்கே உடையலாம். இதற்குப் பெயர் ஹைட்ரோலாக். டீசல் கார்களில் காற்றை இன்னும் அதிகமாக அமுக்குவதால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு, ஆபத்து இன்னும் அதிகம்.

லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். 'பார்த்தியா, ஓடுது' என்று சந்தோஷப்பட்டு, சில நாள் கழித்து ஹைவேயில் போகும்போது அது முறியும். அதனால் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதே தப்பித்ததற்கு அத்தாட்சி இல்லை.

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறி நின்ற வண்டி என்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• சாவியைப் போடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் காரில் லைட் எரிகிறதா என்று பார்க்கவும் அழுத்தாதீர்கள்.
• முடிந்தால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.
• தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி போட்டோ எடுங்கள்.
• ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் தண்ணீர் இன்ஜின் வாசல் வரை வந்துவிட்டது.
• ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது.
• வண்டியைத் தூக்கி ஏற்றிச் செல்லும் டோயிங் வாகனத்தில் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. டேங்க்குக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். மூழ்கிய வண்டி என்றால் டேங்க்கையும் காலி செய்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

'இன்சூரன்ஸ் இருக்கே?'

இருக்கிறது, ஆனால் எது இருக்கிறது என்பதுதான் கேள்வி. சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. உங்கள் வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் அதில் ஒரு ரூபாயும் வராது. 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு 5 ஆண்டு, புது காருக்கு 3 ஆண்டு தேர்டு பார்ட்டி ஒரே தவணையில் எடுப்பது கட்டாயம். கூடவே தரும் சொந்த சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு' என்று நம்பி இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டவருக்கு, மழை வரும்போது சொந்த வண்டிக்குக் குடையே இல்லை.

சொந்த சேத பாலிசி இருந்தாலும் ஒரு கொக்கி உண்டு. வெள்ளம், புயல் இரண்டும் அதில் அடங்கும். ஆனால் 'தொடர் விளைவான இழப்பு' விலக்கு. நிறுத்தியிருந்த வண்டிக்குள் தண்ணீர் புகுந்து சீட்டும் வயரிங்கும் கெட்டால் அது வெள்ளச் சேதம். அதே வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், அது நீங்கள் செய்த செயலின் விளைவு என்று சொல்லி நிறுவனங்கள் இன்ஜின் செலவைத் தரமறுக்கும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் இதற்குக் கைகொடுக்கும். அதிலும் நிபந்தனைகள் உண்டு, எடுக்கும் முன் படித்துவிட வேண்டும்.

ஆக, ஒரு விநாடி பட்டனை அழுத்துவது இன்ஜினை மட்டுமல்ல, இழப்பீட்டையும் சேர்த்துக் காலி செய்கிறது.

'ஸ்டார்ட் பண்ணாதே'ன்னு சொல்றது ஈஸி

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது, காவல்துறை அதை மறுத்தது. சிலர் சிரித்தார்கள். உண்மையில் அது 2015-லும் 2023-லும் பட்டதிலிருந்து மக்களே கற்றுக்கொண்ட பாடம். வண்டி நனையாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

ஆனால் காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பவரின் நிலைமை வேறு, பொன்னேரியிலிருந்து சிப்காட்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலைமை வேறு. அவருக்கு ஷிஃப்ட் தவறினால் அன்றைய சம்பளம் போகும், மாதக் கடைசியில் வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும் இருக்காது. இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும் பைக்கை அவர் பத்து முறை செல்ஃப் அடிப்பது அறியாமையால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும்தான். 'ஸ்டார்ட் பண்ணாதே' என்ற அறிவுரை அவருக்கு ஒருநாள் கூலியைக் கேட்கிறது. கேட்காவிட்டால் பல மாதக் கூலியை எடுத்துக்கொள்கிறது.

அதனால் பொறுப்பு முழுவதையும் வண்டி ஓட்டுபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. மூன்று இடங்களில் மாற்றம் வேண்டும், மூன்றுமே பெரிய செலவு கேட்பவை அல்ல.

முதலாவது, எச்சரிக்கை. மழை வரும் முன் போனுக்கு அரசு எஸ்எம்எஸ் வருகிறது, டிஎன்-அலர்ட் செயலி இருக்கிறது. அதில் 'தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மிக்ஜாமின்போது மாருதி, ஹூண்டாய், மஹிந்திரா போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உதவி அறிவித்தன. பழைய பைக் வைத்திருப்பவருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அதை அரசுதான் செய்ய முடியும்.

இரண்டாவது, லைசென்ஸும் பாலிசியும். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்எல்ஆர் தேர்வில் சிக்னல், விபத்து நேரக் கடமை, ரயில்வே கேட், ஆவணங்கள் எல்லாம் கேட்கிறார்கள். கடலோர மாவட்டத்தில் வண்டி ஓட்டப்போகிறவரிடம் வெள்ளத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாமே? இன்சூரன்ஸ் நிறுவனங்களும் 'இன்ஜின் சேதம் அடங்காது' என்பதைப் பல பக்க ஆங்கிலத்தின் நடுவே ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலைகள். சிவப்பு எச்சரிக்கை நாளில் ஒரு மணி நேரத் தாமதத்தை ஆப்சென்ட் ஆக்காமல் இருப்பதும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கம்பெனி பஸ்ஸில் இடம் தருவதும் சலுகை அல்ல. பைக் கெட்டவர் மறுநாளும் வரமாட்டார், அதற்கடுத்த நாளும் வரமாட்டார். அந்த நஷ்டம் கம்பெனிக்கும்தான்.

இதெல்லாம் நடக்கும் வரை நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். செப்டம்பரிலேயே பேட்டரியைச் சோதித்துவிடலாம். பாலிசியில் சொந்த சேதம் இருக்கிறதா என்று இன்றைக்கே போனில் பார்த்துவிடலாம். மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தலாம். அப்படியும் ஒருநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு தடவை அழுத்துங்கள், சத்தத்தைக் கேளுங்கள், கையை எடுத்துவிட்டு யோசியுங்கள். ராத்திரி தண்ணீர் ஏறியிருந்தால் அந்த ஒரு தடவையும் வேண்டாம். சூப்பர்வைசருக்கு ஒரு போன், மெக்கானிக்குக்கு ஒரு போன். செல்ஃபுக்கு அன்றைக்கு லீவு.